ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

அவளுடைய கணவனுக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக். கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவன் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டான்.

மற்ற நாட்களில் அவன் ஒரு குடோனில் வந்திறங்கும் பெட்டிகளைச் சரிபார்ப்பவன். அவனைவிட வயதில் சின்னவனான சூப்பர்வைசர், சுமை தூக்குகிறவர்கள் முன்னால் வைத்தே, "பெரியவரே, கண்ணு தெரியுதா?" என்று கேட்பான். அங்கே இவன் எதிர்த்துப் பேசியதில்லை. ஞாயிறு காலை ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி அதன் பக்கத் தகடுகளைக் கழற்றும்போதுதான் அவனுக்கு நாக்கு முளைக்கும்.

"ரிப்பேர் கடைக்காரனுங்க எல்லாம் திருட்டுப் பசங்க. பழைய பிளக்கையே தொடச்சு மாட்டிட்டு புதுசுன்னு சொல்லுவான். நம்ம வண்டிய நாமதான் பாத்துக்கணும்" என்பான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். "பன்னெண்டாம் நம்பர் கேட்டா பத்தைக் குடுக்கறியே. மெஷினை மிதிக்கிற உன் காலுக்கு இருக்கிற மூளை கூட கைக்கு இல்ல."

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறை தெருவைப் பார்த்தது. அங்கே அவளுடைய மெஷின், துணி வெட்டும் பலகை, அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு முக்காலி. பள்ளி யூனிஃபார்ம், தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் தைப்பாள். அந்த வீட்டில் அவளை யாரும் அதட்டாத இடம் அது ஒன்றுதான்.

பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பான். கார்புரேட்டரைப் பிரித்து ஊதுவான். திரும்ப மாட்டும்போது எந்தத் திருகையும் இன்னும் ஒரு சுற்று இறுக்காவிட்டால் அவன் கைக்கு நிம்மதி வராது. கடைசியில் தரையில் எப்படியும் ஒரு வாஷர் மிஞ்சும். "கம்பெனிக்காரன் தேவையில்லாம வச்சது" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வண்டியை உதைத்தால் அது காசநோய்க்காரன் மாதிரி இருமும். "ஓட ஓட செட் ஆயிடும்" என்று கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவான்.

ஆரம்பத்தில் ஒரு தடவை அது செட் ஆகவில்லை. மறுநாள் பாதி வழியில் நின்றது. குடோன் வாசல்வரை தள்ளிக்கொண்டே போனவனைப் பார்த்து சூப்பர்வைசர் கைதட்டிச் சிரித்திருக்கிறான். சிரித்தவனை ஒன்றும் செய்ய முடியாமல் வீட்டுக்கு வந்தவன், அவளோடு பேசுவதை நிறுத்தினான். தட்டில் சோறு போட்டால் எழுந்து போனான். விளக்கைப் போட்டால் அணைத்தான். அந்த மௌனத்தில் அவள் துரும்பாய் இளைத்துப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவன் குறட்டை விடத் தொடங்கியதும், ஸ்கூட்டரைத் தெரு திரும்பும்வரை தள்ளி, பெரிய சாலைக்குப் பின்னால் இருந்த ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். மெக்கானிக் அவளைவிட இளையவன். தகட்டைக் கழற்றிப் பார்த்தான்.

"யாருக்கா இதை இப்படிப் பண்ணினது? வண்டி மேல ஏதாவது பகையா?"

"நீ சரி பண்ணிக் குடு தம்பி. வெளிய சொல்லாத."

கூலிக்குப் பதிலாக அவன் வாடிக்கையாளர்களின் வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. மாலையில் கணவன் எழுந்து உதைத்தான். முதல் உதையிலேயே ஸ்கூட்டர் பூனைபோலக் குறுகுறுத்தது. "பாத்தியா? செட் ஆயிடுச்சு!" அன்று இரவு அவளோடு பேசினான். அப்படியே வருடங்கள் போயின.

வினை வெளியிலிருந்து வந்தது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர், "உங்க வண்டி சத்தமே தனி சார். என்னோடதையும் ஒரு கை பாருங்களேன்" என்றார். கணவன் தலைகால் புரியாமல் ஆடினான். காலையில் பிரித்து மாட்டி, "இன்ஜின் ஆறணும், சாயங்காலம் வந்து எடுங்க" என்றான். மத்தியானம் அதையும் அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள். மருந்துக்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்ல, வண்டிகள் வரத் தொடங்கின. "உங்க வீட்டுக்காரர் என் கடைக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிறாருக்கா. கமிஷன் கேக்கச் சொல்லுங்க" என்று மெக்கானிக் சிரித்தான். கவர் தைத்துத் தைத்து அவளுக்கு விரல் நுனி மரத்துப்போனது.

ஒருநாள் கணவன் முன்னறை வாசலில் நின்று, சுவரிலிருந்து சுவருக்குக் கண்ணால் அளந்தான்.

"நாளைக்கு வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன். இங்க கடை போடறோம். மெஷினைத் தூக்கிப் பின்னாடி எங்கயாவது வை."

"பின்னாடி எங்கங்க இடம்? என் வேலை?"

"பெரிய வேலை. தலகாணி உறை."

வேலையும் போய் அறையும் போனால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எந்த வண்டியையும் அவன் சரிசெய்யவில்லை, எல்லாம் கடைக்குப் போய் வந்தவை என்றாள். தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான்.

"வா. அவன்கிட்டயே கேட்டுடலாம்."

மெக்கானிக் கடைப் பலகையில் அவள் தைத்த கவர்கள் அடுக்கியிருந்தன. கணவன் விஷயத்தைச் சொல்லி, "உண்மையா?" என்று கேட்டான். மெக்கானிக் கழிவுத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். அவளைப் பார்த்தான்.

"அக்கா அப்படியா சொன்னாங்க? சீட் கவர் குடுக்க வருவாங்க சார். மத்தபடி உங்க கை பட்ட வண்டில எனக்கென்ன வேலை?"

"தம்பி! போன வாரம்கூட மருந்துக்கடைக்காரர் வண்டி..."

"எந்த மருந்துக்கடைக்கா?" கணவன் பக்கம் திரும்பினான். "உண்மையச் சொல்றேன் சார், நீங்க கடை போடப்போறீங்கன்னா எனக்கு வயித்துல புளியக் கரைக்குது."

திரும்பும் வழியெல்லாம் கணவன் சீட்டியடித்தான். "எனக்குக் கோவமில்ல. அந்த ரூமை விட உனக்கு மனசில்ல. அதுக்காக இப்படி ஒரு கதை கட்டுவேன்னுதான் நெனைக்கல" என்றான். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்தான்.

அவள் தனியாக மெக்கானிக்கிடம் போனாள். "ஏன் தம்பி?"

அவன் வேலையை நிறுத்தவில்லை. "அவர் இந்தப் பக்கம் போறப்பல்லாம் வண்டிய மெதுவாக்கி, 'திருடா, இன்னைக்கு எத்தனை பேரை மொட்டையடிச்ச?'ன்னு கத்துவாரு. நாலு பேர் நிப்பாங்க. பின்னாடி யாருக்கா உக்காந்திருந்தது?"

அவள் பலகையில் இருந்த கவர்களைப் பார்த்தாள்.

"சிரிச்சீங்க. முந்தின நாள்தான் உங்க வண்டிய நான் சரி பண்ணிக் குடுத்திருப்பேன். ஒரு தடவை, சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்." ஒரு திருகை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, பல்லிடுக்கில் பேசினான். "மெஷினை வைக்க இடமில்லன்னா இங்க கொண்டாந்து போடுங்க. கவருக்கு ஆர்டர் நிறைய இருக்கு. சம்பளமாவே குடுத்துடறேன்."

முன்னறையில் கடை திறந்தது. இப்போது வாடிக்கையாளர்கள் கூடவே நின்றார்கள்; அவனும் மத்தியானம் தூங்கவில்லை. இருமிய வண்டி இருமியபடியே வெளியே போனது. போன வண்டிகள் கொஞ்ச தூரத்தில் நின்று, தள்ளப்பட்டு, மெக்கானிக் கடைக்கு வந்து சேர்ந்தன. கடை மூலையில், டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் அவள் மெஷின் கிடந்தது.

"எங்க காட்டினீங்க சார்?" என்று மெக்கானிக் வருகிறவர்களிடம் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பான்.

"அதான், அந்த ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கிட்ட."

"இப்ப வாரம் பூராவும் ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சே!"

சிரிப்பார்கள். அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள். மிதித்தாலும் கேட்கும்.

மருந்துக்கடைக்காரர் முன்னறை வாசலில் நின்று கத்திவிட்டுப் போன பிறகு யாரும் வரவில்லை. குடோனில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அலைந்து திரிந்து பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று பிடித்தான். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. வேலைக்குப் போக வேண்டிய காலையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. வியர்த்து வழிய அதைத் தள்ளிக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல், மெக்கானிக் கடை முன்னால் வந்து நின்றான். அவள் இருந்த மூலையைப் பார்க்கவில்லை.

"பெட்ரோல்ல ஏதோ தூசி போல" என்றான்.

"இருக்கும் சார், இருக்கும்." மெக்கானிக் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, வண்டியத் தள்ளி உள்ள ஸ்டாண்ட் போடுங்க. உங்களுக்குப் பழகின வேலைதானே. இவரு தூங்கின உடனே எத்தனை வருஷமா தள்ளிட்டு வந்தீங்க!"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். கணவனின் முகம் ரத்தமில்லாமல் வெளுப்பதை அவள் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அவன் மெதுவாக அவள் பக்கம் வந்தான்.

"எல்லா வாரமுமா?" என்று கேட்டான். குடோனில் பேசுகிற குரல் இதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் அவள் அதைக் கேட்டதேயில்லை.

இத்தனை வருடம் சொன்ன பொய்யோடு இன்னும் ஒன்று சேர்ந்தால் பாரமாகாது. சில வாரம்தான் என்று சொல்லலாம். அவன் அதைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்துவிடுவான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லா வாரமும்."

"ஒண்ணுகூட நான்..."

"ஒண்ணுகூட இல்ல."

அதற்குள் மெக்கானிக் எதையோ தளர்த்திவிட்டு உதைத்தான். ஒரே உதை. ஸ்கூட்டர் ஓடத் தொடங்கியது. கணவன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."