மகளிடம் சொல்லிவிட்டவை

பிரிவதற்கும் வகுப்பு இருக்கிறது என்பது எனக்கு சுவிஸுக்கு வந்து, இந்தச் சூக் நகரத்தில்தான் தெரிந்தது. கல்யாணம் கட்டும்போது ஒருவரும் எங்களை எந்த வகுப்புக்கும் அனுப்பவில்லை. சாதகம் பார்த்தார்கள், மண்டபம் பார்த்தார்கள், விசயம் முடிந்தது. விவாகரத்து என்று வந்ததும் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை இருக்கிறபடியால் தாயும் தகப்பனும் நான்கு சனிக்கிழமைக் காலைகளில் பெற்றோர் வகுப்புக்கு வரவேண்டும், கட்டாயம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருடமாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு இனி ஒரு வெள்ளைக்காரி வந்து பாடம் எடுக்கப் போகிறாளா என்று, வேலை செய்யும் ரெஸ்டாரண்ட் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கத்தினேன். பக்கத்தில் நின்ற போர்த்துக்கல்காரிக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினாள்.

ஆனால் அந்த வகுப்பில் எனக்கொரு காரியம் ஆகவேண்டியிருந்தது. கணவர் அடுத்த ஊரில் ஓர் அறை எடுத்துப் போனபிறகு, மகள் புதன் பின்னேரமும் சனி ஞாயிறும் பஸ்ஸில் அவரிடம் போய்வருவாள். போகிற நாளெல்லாம் வயிற்றுக்குத்து. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் விடுவேனா? தகப்பன் வாங்கிக் கொடுக்கிற பீட்சாதான் காரணம் என்று தீர்மானித்துவிட்டேன். வகுப்பை நல்ல பிள்ளையாக முடித்துக்கொண்டு, புதன்கிழமைப் பயணத்தை நிறுத்தும்படி கோர்ட்டில் கேட்பதுதான் திட்டம். அவருக்கும் அது தெரியும். அந்தப் புதன்கிழமைக்காக அவர் தன் வேலை நேரத்தையே மாற்றியிருந்தார்.

முதல் வகுப்புக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். ஓரிடத்துக்கு வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. மற்றச் சோடிகள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போய் இருந்தோம். வேறு வழியில்லை. அவர் என்னைவிட நன்றாக ஜேர்மன் எழுதுவார், நான் அவரைவிட நன்றாகக் கதைப்பேன். இந்த நாட்டில் எந்தப் படிவத்தையும் சேர்ந்துதான் நிரப்பியிருக்கிறோம். விவாகரத்துப் படிவத்தையும் அப்படித்தான். வகுப்பெடுத்த பெண்மணி ரோல்ஸைக் கடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். “நீங்கள் பிரியத்தானே வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை அந்தப் பெண்மணி சொன்னார்: “பிள்ளையைத் தபால்காரர் ஆக்காதீர்கள். சொல்ல வேண்டியதை நேரே சொல்லுங்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நேரே சொல்வதாவது! நல்லாயிருந்த காலத்திலேயே நாங்கள் நேரே கதைத்ததில்லை. அவர் இரண்டு முழத் தூரத்தில் இருப்பார், நான் மகளிடம், “அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு” என்பேன். அவரும் மகளிடம்தான், “பொறுக்கச் சொல்லு, செய்தி முடியட்டும்” என்பார். சண்டையில்லை, கோபமில்லை. எங்கள் வீடுகளில் புருசன் பெண்சாதி கதைப்பது அப்படித்தான். அவருடைய பெயரை என் நாக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மகள் பிறக்கமுதல் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டை விட்டுப் போனபிறகும் வழக்கம் மாறவில்லை, தூரம்தான் கூடியது.

பெண்மணி ஆளுக்கொரு தாள் தந்தார். கடைசியாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டதை ஒரு பக்கத்திலும், பிள்ளை கொண்டுவந்து சொன்னதை மறுபக்கத்திலும் எழுத வேண்டும். தமிழில் எழுதலாம். பிறகு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் ஒளிக்காமல் எழுதினேன். ‘ஊத்தை ஜக்கெற்றைத் தோய்க்காமல் அனுப்ப வெக்கமில்லையோ எண்டு கேள்.’ ‘நீச்சலுக்குப் பிந்தினால் இனி உன்னை அனுப்பமாட்டன் எண்டு சொல்லு.’

அவருடைய தாளைத் திருப்பினேன். என்னிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவை: ‘ஜக்கெற்றைத் தோய்க்க நேரமில்லாட்டிப் பரவாயில்லையாம், அம்மா தோய்ப்பாவாம்.’ ‘அப்பாக்கு வேலைக் களைப்பு எண்டு அம்மாக்குத் தெரியுமாம். நீச்சலுக்கு ஐஞ்சு நிமிசம் முந்தி வெளிக்கிட்டா நல்லமாம்.’

அவர் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீர் உப்பிடியோ சொல்லிவிட்டனீர்?”

“ஓம். நீங்கள் என்ரை முழங்கால் நோ எப்பிடி எண்டு கேட்டுவிடேல்லையோ?”

“உமக்கு முழங்கால் நோவோ?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த விசாரிப்பை நம்பி இரண்டு நாள் மனம் இளகித் திரிந்தவள் நான். அவர் உண்மையில் சொல்லிவிட்டது தாளின் மறுபக்கத்தில் இருந்தது: ‘நான் என்ன சாப்பாடு குடுக்கிறன் எண்டு கொம்மா விசாரிக்கத் தேவையில்லை.’ அவரும் சிரித்தார். மூலைகளில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் அவர்தான். “இருவது நிமிசம்,” என்றார். “பஸ்ஸிலை வாற இருவது நிமிசமும் இதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்திருக்கிறாள்.”

ஒன்பது வயதுப் பிள்ளை. நான் கையில் கொடுத்துவிட்ட ஏச்சையெல்லாம் அவள் பஸ்ஸில் இருந்து நல்ல வார்த்தையாக மாற்றி, இறங்குமுன் மனப்பாடம் செய்திருக்கிறாள். திரும்பி வரும்போது தகப்பனுடையதையும் அப்படியே. பீட்சாவாம் பீட்சா. அந்த வயிற்றுக்குள் என்னுடைய வாய்தான் கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதேன். அவர் வெளியே போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

விவாகரத்து நடந்தது. அதை அந்த அழுகை நிறுத்தவில்லை, நிறுத்தியிருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் புதன்கிழமையைப் பற்றி நான் கோர்ட்டில் வாயே திறக்கவில்லை.

அந்த மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்ததும், மகளைக் கூட்டிவர அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போனோம். இருவரையும் ஒன்றாகக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. வழியிலேயே அவர் சொன்னார்: “இனி அம்மாவும் நானும் நேரை கதைப்பம். நீ ஒண்டும் கொண்டுவந்து சொல்லத் தேவையில்லை.”

“நேரை கதைச்சா நீங்கள் சண்டை பிடிப்பியள்,” என்றாள்.

“பிடிப்பம்,” என்றேன் நான். “அது எங்கடை பாடு.”

எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சத் தூரம் நடந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல் கேட்டாள்:

“அப்ப இனி நான் பஸ்ஸிலை சும்மா வெளியிலை பாத்துக்கொண்டு வரலாமோ?”

“ஓம் குஞ்சு, வரலாம்,” என்றார் அவர்.