நாலு சாண்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க மாடிப்படிக்குக் கீழே இருந்த வாஷிங் மிஷினை வெளியே இழுத்தபோது, பின்சுவரில் அந்த நாலு கரிக்கோடுகள் தெரிந்தன. தரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக, அடுப்புக்கரியால் இழுத்தவை. வெள்ளையடிக்க வந்தவர் அதன்மேல் பிரஷ்ஷை வைக்கப் போனார். நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், கரி தானே?" என்றார். கரிதான். என் அண்ணி, அண்ணன் மனைவி, தன் கையால் சாண் போட்டு இழுத்த கோடுகள். போன பொங்கலுக்கு இது துக்க வீடு, சுண்ணாம்பே வாங்கவில்லை. அதனால்தான் அவை இதுவரை தப்பித்திருந்தன.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆகவே அந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிட்டது என்று ஊர் சொல்லும். வந்த மறு மாதமே அண்ணனோடு மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். பாத்தியில் இறங்கி, நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பு வாருகிற வேலை. புடவைக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். திரும்பி வந்து கழற்றி ஆணியில் மாட்டினால், சட்டை தொங்காது. உப்பேறி, உள்ளே ஆள் இருப்பதுபோல் விறைத்து நிற்கும். "பாரு தம்பி, நான் இல்லாதப்போ இவரு வீட்டைப் பாத்துக்குவாரு" என்பாள்.

நல்ல உயரம் அவள். கை விரல்கள் நீளமாக இருக்கும். நான் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் உள்ளங்கையோடு தன் கையை ஒட்டி வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. "உனுக்கும் எனுக்கும் ஒரே சாண்டா தம்பி. இனிமே நீ வேற நான் வேற இல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த வினை.

பாண்டியில் அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது ஒரு பை நிறைய அழுக்குத் துணி கொண்டுவருவேன். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியும் பழுப்பேறிவிடும். அதனால் என் வெள்ளைச் சட்டைகளுக்கென்று அண்ணி தெருக்குழாயிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்து வந்து துவைப்பாள். தன் துணிக்குப் போர் தண்ணீர். உப்பில் வெடித்த கையில் சோப்பு எப்படி எரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. திங்கள் காலை மடிப்பு கலையாத சட்டையோடு பஸ் ஏறிப் போவேன், பெரிய துரை மாதிரி.

ஒருமுறை கை வெடிப்பில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். உப்பும் சோப்பும் மாறி மாறிப் பட்டால் இது ஆறவே ஆறாது, ஒன்றையாவது விடுங்கள் என்றார். உப்பை விட முடியாது, சோப்பையாவது விடலாம். வாஷிங் மிஷின் வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் வைக்க இடம்? ஒற்றை அறை வீடு. குழாயும் சாக்கடையும் சேர்ந்திருப்பது மாடிப்படிக்குக் கீழேதான். அங்கேயும் உயரமான பக்கம் குளியலறைக் கதவு திறக்க வேண்டும். மிச்சம் இருந்தது படி சரிந்து இறங்கும் தாழ்ந்த பக்கம். மேல்மூடி திறக்கிற மிஷின் படியில் இடிக்கும், முன்னால் கதவு வைத்ததுதான் சரிப்படும் என்றார் கடைக்காரர். எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டேன். "அளந்துட்டுக் கூப்புடுறேன்" என்றாள் அண்ணி. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"கரெக்டா நாலு சாண் இருக்குது தம்பி. கோடு போட்டு வெச்சிருக்கேன்."

கடையிலேயே மண்டியிட்டு, என் கையை விரித்து, ஒரு மிஷினை அளந்தேன். நாலு சாணுக்கு ரெண்டு விரல் குறைவு. கச்சிதம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மிஷினோடு வண்டியிலேயே வந்தேன். இறக்கி வைத்துத் தள்ளினால், படிக்குக் கீழே மிஷினின் தலைகூட நுழையவில்லை. "டேப்பு வெச்சி அளக்கக் கூடாதா சார்?" என்று வண்டிக்காரர் அலுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. சுவரில் என் கையை வைத்துப் பார்த்தேன். மூன்று சாண்தான். "அண்ணி, ஒரு சாண் கூட்டிச் சொல்லிட்டீங்களே! இங்க வந்து அளங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அண்ணி வந்து குனிந்தாள். வலது கையைச் சுவரில் வைத்தாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரியவில்லை. வெடித்து ஆறி, ஆறி வெடித்து, தோல் தடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பலகைக் கம்பைப் பிடித்த வாக்கிலேயே விரல்கள் நின்றுவிட்டிருந்தன. முடிந்தமட்டும் விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கோட்டுக்குக் கோடு கையை ஏற்றினாள். நாலும் சரியாக வந்தது. "நாலுதானே தம்பி வருது?" என்று என்னைப் பார்த்தாள். தப்பு எங்கே என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஒரு வருஷமாக அவள் எனக்குச் சோற்றைக் கையால் பிசைந்து போடாமல் கரண்டியால் போட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி நாகரிகம் ஆயிட்டாங்க" என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். அந்தக் கையிலிருந்துதான் வாராவாரம் சட்டைகளை வாங்கிப் போயிருக்கிறேன். கை விரியாது என்பதைப் பார்க்க எனக்கு ஒரு மிஷின் வேண்டியிருந்தது.

மிஷினைக் கடைக்கே திருப்பி அனுப்பினோம். அதற்குப் பிறகு திண்டிவனம், பாண்டி என்று ஏறாத கடை இல்லை. மூன்று சாண் உயரத்தில் மிஷின் கேட்டால், பொம்மைக்கா சார் என்று சிரித்தார்கள். கடைசியில் இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெளிநாட்டு அம்மாள் வீட்டைக் காலிசெய்து சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவருடைய சமையல் மேடைக்குக் கீழே, குட்டையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. இந்த முறை டேப் கொண்டுபோயிருந்தேன். படிக்குக் கீழே, அதற்கென்றே கட்டிய இடம் மாதிரி அது போய் நின்றது. அண்ணி அதற்குக் குங்குமம் வைத்தாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் பை வந்ததும் மிஷின் ஓடும். அண்ணி அதன் முன்னால் குந்தி, கண்ணாடிக்குள் சட்டை சுற்றுவதை வேடிக்கை பார்ப்பாள். "கை எப்படி இருக்குது அண்ணி?" என்று கேட்பேன். முந்தானைக்குள் கையைச் செருகிக்கொண்டு, "இப்போ தேவலாம்பா" என்பாள். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், மழை பிடித்து உப்பளம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தபோது, பத்து நாள் காய்ச்சலில் அண்ணி போய்விட்டாள். அவள் கைக்கு வருஷத்தில் ஓய்வு கிடைப்பதே அந்த மாதங்களில்தான். காரியம் முடிந்து, ஆணியிலிருந்த அவளுடைய வேலைச் சட்டையை எடுத்து மிஷினில் போடப் போனேன். அண்ணன் பதறிப்போய் எழுந்தான். "டேய், அதுல போடாத. உப்புத் துணி போட்டா மிஷினு துருப்பிடிச்சிடும்னு அவ தன் துணி ஒண்ணக்கூட அதுல போட்டதில்ல. கையாலதான் தொவச்சிக்கினு இருந்தா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே பொடிப்பொடியாக உதிரும். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. தம்பி ஊரெல்லாம் அலைந்து வாங்கிவந்த சாமான் வீணாகக் கூடாதே என்று காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்கென்று வாங்கிய மிஷின் கடைசிவரை என் சட்டையைத்தான் துவைத்தது. அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல் அந்தச் சட்டையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரத்தில் துவண்டு வெளியே வந்தது. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

வெள்ளையடிக்கிறவரிடம் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். குனிந்து, கோடுகளின்மேல் என் கையை வைத்து அளந்தேன். விரலை நன்றாக விரித்தால் மூன்றிலேயே முடிந்துவிடுகிறது. பலகைக் கம்பைப் பிடித்திருப்பதுபோல் விரல்களைப் பாதி மடக்கிக்கொண்டால்தான் நாலு வருகிறது.