மருதமரத்தில் தொங்கிய போன்

விவசாயி கோணாமலையின் வயல் வவுணதீவுக்கு அப்பால், வாவியை ஒட்டிய வட்டை என்கிற வயல்வெளியில் கிடந்தது. கரண்ட் கம்பி அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

சுனாமி வந்த காலையில் அவர் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்றார். மனைவி இலட்சுமிப்பிள்ளை கடற்கரையில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு முதல்நாள்தான் போயிருந்தாள். வட்டைக்குத் தண்ணீரும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பொழுது சாயும்வரை அவர் தன்பாட்டில் வேலை செய்தார். விசயம் தெரிந்து அக்கரைக்கு ஓடி, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமுமாகத் தேடி முடிப்பதற்குள் அவளை மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். கடைசியாக முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

“அண்டைக்கு ஒருத்தரும் எனக்கு வந்து சொல்லல்ல” என்பார். அது யார்மேலும் கோபமில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுப் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அகதி முகாமில் சமையலுக்கு ஒத்தாசையாக நின்ற மகள் யசோதினியை, நிவாரணச் சாமான் ஏற்றிவந்த லொறிச் சாரதி ஜெயந்தன் விரும்பிக் கேட்டான். ஊர் புதுக்குடியிருப்பு. நல்ல பொடியன். தாயில்லாத பிள்ளைக்கு ஒரு துணை என்று கோணாமலையும் சம்மதித்தார். அவளை வடக்கே அனுப்பிவைத்த கொஞ்சக் காலத்தில் சண்டை திரும்பவும் தொடங்கிற்று. பாதையும் அடைபட்டது.

2009 மாசி மாதம் அவளிடமிருந்து ஒரு போன் கோல் வந்தது. இரைச்சலுக்குள் குரல் உடைந்து உடைந்து கேட்டது.

“அப்பா, இது வேற ஒராளுட போன். நாங்க இடம் மாறி மாறி ஓடிட்டு இரிக்கம். ஒரு இடத்தில நிலைச்ச உடன கோல் எடுப்பன். போனை மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க.”

“நிப்பாட்டமாட்டன் புள்ள. சாப்பிட்டயா?”

பதில் வருவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வயல்வரம்பில் நின்ற மருதமரத்தின் கீழ் மட்டும் இரண்டு கோடு காட்டும். கோணாமலை போனைப் பொலித்தீன் பையில் சுற்றி அந்த மரக்கிளையில் தொங்கவிட்டு, பக்கத்து வாடிக் குடிசையிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தார். ஆனால் சார்ஜ் இறங்கிக்கொண்டே போயிற்று. பட்டினத்துக் கடையில் கொடுத்து ஏற்றலாம். போன் கடையில் கிடக்கிற நேரம் பார்த்து மகள் எடுத்தால்?

பட்டினத்தில் றேடியோ திருத்துகிற ஏறாவூர் சரீபிடம் போய்ச் சொன்னார். சரீப் ரோச் லைட் பற்றறிகளை ஒரு குழாய்க்குள் அடுக்கி, வயர் பிடித்துக் கொடுத்தான். அது சில நாள்தான் தாக்குப்பிடித்தது. சைக்கிள் டைனமோவில் முயன்றார்கள். மிதிக்கிற கால் ஓய்ந்தால் கரண்டும் ஓய்ந்தது. கடைசியில் சரீப் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பற்றறியைத் தேடியெடுத்து, வாகனத்தில் பாவிக்கிற சார்ஜரை அதில் பொருத்தினான்.

“பற்றறி இறங்கினா உழவு மெஷினில கொடுத்து ஏத்துங்க அண்ணன். இனிப் போன் சாகாது.”

“புள்ளையும் தப்பி வரவேணும் தம்பி.”

“இன்ஷா அல்லாஹ்” என்றான் சரீப்.

பற்றறியை உரப்பைக்குள் வைத்து மரத்தடியில் இருத்தினார். சிவப்பு வயர் மரத்தோடு ஏறிப்போய்க் கிளையில் தொங்கிய போனைத் தொட்டது. வயலில் குனிந்தாலும் காது அங்கேதான் இருக்கும்.

சித்திரையில் ஒருநாள், வாய்க்காலில் அடைத்திருந்த செத்தையை எடுக்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். சீருடைக்காரர்கள் மரத்தைச் சுற்றி வயலுக்குள் படுத்துக் கிடந்தார்கள். துவக்குகள் எல்லாம் உரப்பையைப் பார்த்து நீண்டிருந்தன. பற்றறி, வயர், போன். அவர்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்தடித்து ஓடினார்.

“ஐயா, அது போன். மகள் எடுப்பா. வேற ஒண்டுமில்ல.”

அதிகாரிக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். “மகள் எங்க?”

“முல்லைத்தீவுப் பக்கம்.”

சண்டை நடக்கிற இடம் அது; அந்தப் பதிலோடு எல்லாம் மாறிப்போனது. அவரையும் பற்றறியையும் போனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் இதைச் செய்து கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “நானேதான் கட்டினன்” என்று மட்டும் சொன்னார். சரீபின் பெயர் அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு அவரை விட்டார்கள். போனையும் கொடுத்தார்கள். அது செத்துக் கிடந்தது. சரீபின் கடையில் வைத்து உயிர்கொடுத்தபோது, தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து எடுபடாத கோல் ஒன்று அதில் கிடந்தது. அவரை வைத்திருந்த இராணுவ முகாமில் யாரோ ஒருவருடைய மேசையில் அது அடித்து ஓய்ந்திருக்கிறது. சரீப் அந்த இலக்கத்துக்கு எடுத்தான். பிறகு கோணாமலை எடுத்தார். அதற்குப் பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். ஆட்களைப் பார்க்க விடத் தொடங்கியதும் வவுனியாவுக்குப் போய், தப்பி வந்தவர்களை அடைத்திருந்த முகாமின் முள்வேலி ஓரமாக நின்று மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். ஒருநாள் அன்னப்பூரணி என்கிற பெண் வேலிக்கு வந்தாள். யசோதினியோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவளாம். ஜெயந்தன் முன்னமே ஷெல்லில் முடிந்துவிட்டான் என்றாள். யசோதினி தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

“அதுக்கு முதல்நாள் போன் கதைக்கப் போனவ. மணி அடிக்குது, ஆள் எடுக்கல்ல எண்டு வந்து சொன்னா. அழல்ல. அப்பா வயலுக்க நிண்டிருப்பாரு, கேட்டிருக்காது எண்டவ.” அன்னப்பூரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “வயலிலயா ஐயா நிண்ட நீங்க?”



“ஓம் புள்ள” என்றார் கோணாமலை. “வயலுக்கதான் நிண்டன்.”