லூபேவுக்கு ஒரு சியாலே

பக்கத்து வீட்டுத் தோமாசி மாமா சிரித்து, நியூசிலாந்தின் ஓமாரு ஊரில் யாரும் பார்த்ததில்லை. வாரநாளில் இறைச்சி ஆலையில் கத்தி பிடிப்பார். ஞாயிறு கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துவார். யாராவது சுருதி தப்பினால் கையால் காற்றை ஒரு வெட்டு வெட்டுவார். ஆலையில் பழகிய அதே வெட்டு. ஞாயிற்றுக்கிழமை துரும்பைக்கூட அசைக்கக் கூடாது என்பதில் போதகரைவிடக் கறார். ஒரு ஞாயிறு எங்கள் அப்பா வேலியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மாமா அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஆண்டவரே ஓய்வெடுக்கற நாள்ல உனக்கு மட்டும் என்னப்பா அவசரம்?"

அந்த ஆணி இன்னும் பாதிதான் உள்ளே போயிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு செடிக்கு வேலைக்காரர் ஆனது அவர் மனைவி லூபே அத்தையால். அத்தைக்கு இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலம் தொடங்கும்போது, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். என்ன வேண்டும் என்று மாமா கேட்டார்.

"நான் செத்தப்புறம் ஆளாளுக்கு மாலை போடுவீங்க. அப்ப என் மூக்கு வேலை செய்யாது. இப்பவே ஒரு சியாலே மோந்து பாக்கணும். வாங்கின பூ வேணாம். நம்ம செடியில பூத்தது."

செடி இருந்தது. எங்கள் சொந்தத் தீவான டோங்காவில் வேலியோரம் தானாகப் பூக்கிற, மல்லிகைபோல் மணக்கிற வெள்ளைப் பூ ஜாதி. இங்கே வரவேற்பறையில் தொட்டிக்குள் உட்கார்ந்து வருடக்கணக்காக இலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இடித்த வீடுகளின் பழைய ஜன்னல்களைக் கொண்டுவந்து மாமா கொல்லையில் ஒரு கண்ணாடி வீடு கட்டினார். ஒரு ஜன்னலும் இன்னொன்றோடு பொருந்தாது. உள்ளே சுவரோரம் தண்ணீர் நிரப்பிய டிரம்களை வைத்துக் கறுப்பு அடித்தார். பகலில் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். கண்ணாடிக்கு உட்பக்கம் குமிழ் பிளாஸ்டிக். சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஒரு ஹீட்டர். உறைபனி விழும் என்று ரேடியோ சொன்னால் கூரைமேல் பாய் விரிப்பார். விருந்தாளிக்கு விரிக்கிற நல்ல பாய்.

அத்தையின் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான்.

"எனக்கு ஒரு நாள்கூடப் போத்திவிடாத ஆளு, செடிக்குப் பாய் போத்துறான் பாரு."

"நீ குளிருதுன்னு சொன்னதே இல்லையே."

"சொன்னேன். நீ பாட்டுப் பழகிட்டிருந்த."

செப்டம்பரில் மொட்டு வந்தது. ஒன்றே ஒன்று. பச்சையாக இருந்தது நுனியில் வெளுக்கத் தொடங்கியதும் மாமா ஆலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அத்தைக்குச் செய்தி சொன்னார். அத்தைக்கு அப்போது பேசவே மூச்சு வாங்கியது. "சீக்கிரம் பூக்கச் சொல்லு" என்றார்.

அந்த ஞாயிறு காலை வடமேற்குக் காற்று மலையிலிருந்து அடுப்பு மாதிரி இறங்கியது. மூடி வைத்தால் கண்ணாடி வீட்டில் செடி வெந்துவிடும். மாமா ஹீட்டரை அணைத்து, கூரை ஜன்னலைத் தூக்கி ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தார்.

"இது வேலை இல்லையா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஜன்னல் திறக்கறது வேலையில்ல" என்று சொல்லிவிட்டு கோயிலுக்குப் போகும்போது எங்கள் ஆட்கள் வேட்டிமாதிரி சுற்றுகிற இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் தென்துருவக் குளிரைச் சுமந்துகொண்டு தெற்குக் காற்று வந்தது. அது வந்தால் சொல்லிக்கொள்ளாது. கோயில் தகரம் படபடத்தது, கால்வழியே குளிர் ஏறியது. மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. நாங்கள் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம். அவர் எதை நினைக்கிறார் என்று கோயிலில் அத்தனை பேருக்கும் தெரியும்.

"போங்க தோமாசி, நாங்க பாடிக்கறோம்" என்றார் எங்கள் அப்பா மெதுவாக.

ஆணி அடித்தவர் சொல்லி அவர் எப்படிப் போவார்? கை மறுபடி அசைந்தது. அந்தப் பாட்டு முடிந்தது. பிரசங்கம், அறிவிப்பு, இன்னொரு பாட்டு. எதிலும் அவர் ஒரு தாளம் தவறவில்லை.

ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் ஓடினார். இடுப்புப் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வயதில் அப்படி ஓடியதைப் பார்த்து நான்கூடச் சிரிக்கவில்லை.

கண்ணாடி வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். சமையலறையில் அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மூடலாம்னு எழுந்தேன். கால் வரல."

மாமா அவரைத் தூக்கிப் படுக்கவைத்தார். பிறகு கூரை ஜன்னலை மூடினார். ஹீட்டரைப் போட்டார். இடுக்கில் பலகை வைத்து ஆணி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

செவ்வாய்க்கிழமை மொட்டின் காம்பு மஞ்சளானது. மறுநாள் அது தொட்டியில் கிடந்தது.

நான் வேலிமேல் உட்கார்ந்திருந்தேன். மாமா மொட்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒரு சின்ன பாட்டிலோடு திரும்பினார். சியாலே போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். நல்லா இருந்த காலத்தில் அத்தையே காய்ச்சியது. மூடியிருந்த இதழ்களை நகத்தால் பிரித்தார். இரண்டு கிழிந்தன. மேலே எண்ணெயை ஊற்றினார்.

ஆளை ஏமாற்றுவதில் எனக்கு அனுபவம் உண்டு. இவ்வளவு மோசமான வேலையை நான் பார்த்ததே இல்லை. பூ என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

ஜன்னலோரம் போய் நின்றேன். மாமா நீட்டியதைக் கையில் வாங்கி அத்தை கண்ணை மூடி முகர்ந்தார். எண்ணெய் அத்தையின் மணிக்கட்டு வரை வழிந்தது.

"மணக்குதா?"

"ம்."

"நம்ம செடிதான். இப்பத்தான் பூத்துச்சு."

"தெரியுது" என்றார் அத்தை. வழிந்த கையை மாமாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் இழுத்துத் துடைத்துக்கொண்டார். அப்போது ஜன்னலில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதே என்பதுபோல் ஒரு பார்வை.

வெள்ளிக்கிழமை அத்தை போய்விட்டார். ஆக்லாந்திலிருந்து சொந்தக்காரர்கள் ஐஸ் பெட்டியில் மாலைகளாகக் கொண்டுவந்து குவித்தார்கள். வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒன்றையே சொன்னார்.

"எங்க செடியில பூத்ததை மோந்து பாத்துட்டுத்தான் போனா."

அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். என் முறை வந்தபோது மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ பாத்தியே. பூத்திருந்துச்சுதானே?"

"பாத்தேன் மாமா. நல்லாப் பெருசாப் பூத்திருந்துச்சு."