ஆற்றுக்குப் பரிமாறிய முதல் இலை

இதை எழுத உட்காருவதும், நம்மால் ஆகாது என்று எழுந்துவிடுவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. நான் நாலாவது வகுப்போடு நின்றவன். சாமி காரியத்தை எழுதப் போய் ஏதாவது பிசகிவிடுமோ என்ற பயம் இன்னும் தீரவில்லை.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். ஒகேனக்கல் பரிசல் துறையில் ஆடி மாதத்துக்கு மட்டும் கீற்றுக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துவார்கள். மற்ற நாளெல்லாம் மீன் குழம்பு மணக்கும். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் நெல்லுச் சோறு, பருப்புக் குழம்பு, வெல்லம். அன்றைக்கு முதல் இலை காவேரிக்கு. கரையில் ஒரு பாறைமேல் அதைப் பரிமாறி வைப்பார்கள். தண்ணீர் அதைக் கொண்டுபோன பிறகுதான் மனுஷருக்குப் பந்தி.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது என் சம்சாரம் அந்தப் பாறையைத் தொட்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளை தங்கி, ஓர் ஆடிப் பதினெட்டில் இங்கே முடி கொடுக்கும்வரை நெல்லுச் சோறு தொடுவதில்லை. அன்றும் காவேரி உண்ட பிறகே தன் இலை. பாலக்கோட்டுப் பக்கம் எங்களுக்கு நெல்லுச் சோறே நோம்பி, பண்டிகை நாளில்தான். அந்த நாளிலும் அவள் களியோடு தனியாக உட்காருவாள்.

மகளுக்கு மூன்று வயதானதும் போனோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பாறைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் கிடந்தது. இலை அப்படியே காய்ந்தது. கொட்டகை நிறையப் பசித்த ஜனம். பொழுது சாய்ந்துவிட்டால் நாள் போயிற்று; என் சம்சாரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் களிதான்.

ஜவுளி வியாபாரி ஒருவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "ஏப்பா கடைக்காரா, ஆத்துக்கு இன்னிக்கு வவுத்து வலியா? ஒரு கம்பெடுத்துத் தள்ளிவுடு!"

"அவ வூட்டுக்கு வந்துட்டு அவளுக்கு முன்னால கை நனைக்கலாமுங்களா?" என்றார் கடைக்காரர்.

"வூட்டுக்காரிக்கே பசியில்லீன்னா விருந்தாளி சாவணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தள்ளிவிட்டால் என்ன என்றுதான் இருந்தது. அந்நியர் முன் வாய் திறக்காத என் சம்சாரம் எழுந்து நின்றாள்.

"தள்ளாதீங்கண்ணா. இத்தன நாளு இருந்துட்டேன், இன்னுஞ் செத்த நேரம் இருக்கமாட்டனா?"

வியாபாரி தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

வெயில் மஞ்சளாக இறங்கியபோது மேற்கே இரைச்சல் கனத்தது. "தண்ணி வருது! பரிசலத் தூக்கு!" என்று ஓடக்காரர்கள் ஓடினார்கள். சிவந்த தண்ணீர், நுரையும் சுள்ளியுமாக, பாறையில் ஏறியது. இலை ஒரு சுற்றுச் சுற்றியது, சோறு சரிந்தது, போய்விட்டது. தண்ணீர் அதோடு நிற்காமல் கொட்டகைக்குள்ளேயே வந்து எங்கள் கணுக்காலை நனைத்தது. ஓடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரர்தான் முதலில் அசைந்தார். சோற்றுப் பானையோடு நேரே அவளிடம் வந்தார். உட்கார இடமில்லாமல், இலையை இடது கையில் ஏந்தி நின்றாள். முதல் கவளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விழுங்க முடியாமல் அழுதாள். விழுங்கினாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் போடுங்கண்ணா" என்றாள். வியாபாரி தன் பங்கு வெல்லத்தை மகளின் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி நீர்மேல் நின்றதாக இப்போது சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. எங்கோ மேற்கு மலையில் மழை பெய்தது, ஆறு வந்தது, என் சம்சாரம் உண்ணும்படி, பொழுது சாய்வதற்குள் வந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மஞ்சள் சேலையைச் சேர்க்க வேண்டாம்; என் சம்சாரம் இரண்டாம் முறை சோறு கேட்டதை விட்டுவிடவும் வேண்டாம்.