வெளிச்சம் நிற்கிற இடம்

பெங்களூரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பொங்கலுக்குச் சொந்த ஊரான ஓடைப்பட்டிக்கு வந்த என்னைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்கு மதுரையில் பேங்க் வேலை. அவருக்கும் சேர்த்து அவருடைய அப்பா பேசினார்.

"என்னத்தா ஆராய்ச்சி பண்றே?"

டீச்சர் வேலைக்குப் படிப்பதாகச் சொல்லச் சொல்லி அம்மா கெஞ்சியிருந்தாள். என் வாய் கேட்கவில்லை.

"படிகத்துக்குள்ள வெளிச்சத்தைச் சேத்து வச்சு, மறுபடி வெளிய எடுக்குறோம் மாமா."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

"நல்ல சமயத்துல சொன்னே. கொஞ்சம் எடுத்து விடு, பஜ்ஜி எங்கன இருக்குன்னு பாப்போம்."

வீடே சிரித்தது. அம்மா மெழுகுவர்த்தியோடு வந்து என்னை முறைத்தாள்.

"எம்புட்டு நேரம் அந்த வெளிச்சம் உள்ள இருக்கும்?" என்று விடாமல் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும். அதுக்கே படிகத்தை உறைய உறையக் குளிர வைக்கணும்."

"எப்படி எடுப்பீக?"

"இன்னொரு லேசர் வெளிச்சத்தை அடிப்போம்."

"லைட்டை எடுக்க இன்னொரு லைட்டா? அந்த லைட்டையே வச்சுக்கலாமேத்தா!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "நாங்க சேத்து வைக்கிற வெளிச்சம் சேதி கொண்டு போகுது மாமா. தேவாரத்துல பஸ் ஏறுறவுக சின்னமனூர்ல எறங்கி, தேனி பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறாகள்ல? அது மாதிரி வெளிச்சம் நிக்க ஒரு இடம். வந்த சேதி மாறாமக் கெளம்பணும், அதுதான் பாடு."

"அப்ப பஸ் ஸ்டாண்டு கட்டுற வேலைன்னு சொல்லு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமா அத்தை" என்று ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை பேசினார். "இதுவரைக்கும் வெளிய வந்திருக்கா?"

"போன மாசம் வந்துச்சு. கம்ப்யூட்டர் திரையில ஓடுற கோடு குட்டியா ஒரு மேடா எழும்புச்சு. நானும் கூட்டாளியும் போட்ட கத்துல வாட்ச்மேன் கம்போட ஓடி வந்துட்டாரு."

அவர் தலையைக் குனிந்து சிரித்தார்.

மறுநாள் தரகர் பதில் கொண்டுவந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் படிப்பை நிறுத்த வேண்டுமென்று மாப்பிள்ளையின் அம்மா சொல்கிறாராம். முடியாது என்றேன். அம்மா அழுதாள். எனக்கும் வருத்தம்தான், அவருடைய அந்தச் சிரிப்பு பிடித்துப் போயிருந்தது.

நான் பெங்களூருக்குக் கிளம்புமுன் மாப்பிள்ளையே போன் செய்தார்.

"அம்மாகிட்ட பேசிட்டேன். நீங்க படிங்க. பெங்களூருக்கு நான் மாத்தல் கேட்டிருக்கேன்."

"ம்" என்றேன்.

பக்கத்தில் அரிசி புடைப்பதுபோல் உட்கார்ந்திருந்த அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "அன்னைக்கு அம்புட்டுப் பேசுனியேடி, இப்ப வெறும் 'ம்'மா?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது.