பனி இல்லாமல் அலறிய பெட்டி

எங்கள் மலையில், கேத்திப் பக்கம் பனிக்காலம் வந்துவிட்டால் யாருக்குத்தான் நிம்மதியான தூக்கம்? உருளைக்கிழங்குச் செடியில் உறைபனி விழுந்து, அப்படியே வெயிலும் பட்டால் போச்சு... இலை கருகிவிடும். வெயிலுக்கு முன்பே ஸ்பிரிங்ளரைப் போட்டுப் பனியைக் கழுவிவிட வேண்டும். ஆனால் எந்த நாள் விழும் என்று யார் கண்டது?

அதற்காகத்தான் ஒன்பதாவது படிக்கும் என் மகள் யமுனா ஓர் அலாரம் செய்தாள். செடிகளுக்கு நடுவே குளிரை அளக்கும் சென்சார். வீட்டுக்குள் பெட்டி. இடையில் நீள ஒயர். குளிர் ரொம்ப இறங்கினால் பெட்டி அலறும்.

அலறியது, பிள்ளைகளே. பனியே இல்லாத நாட்களிலும் அலறியது! விடியுமுன் போர்வையை உதறிவிட்டு ஓடுவோம். இலையெல்லாம் சும்மா பச்சையாக நிற்கும். என் மனைவி மரகதத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, இன்னொருக்கா சும்மா கத்துச்சுன்னா நானே புடுங்கி வெச்சுருவனுங்க."

யமுனா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைப் பிடுங்கிய மறுநாளே பனி விழுந்தால்?

அடுத்த நாள் நடுப்பகல். சுள்ளென்று வெயில். தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டேன். பெட்டி வீல் என்றது! யமுனா ஓடிவந்து, அணைத்து மறுபடி போடச் சொன்னாள். மறுபடி வீல்.

"பெட்டி சரியாத்தான் இருக்குதுங்கப்பா. வழியிலதான் என்னமோ கெடுக்குது."

வழியில் என்ன? என் கைவேலைதான். தரையில் போட்டால் காட்டெருமை மிதித்துவிடும் என்று, சென்சார் ஒயரைக் கம்பத்து மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஒயரும் அதே கம்பங்களில்தான் போகிறது. அவர்கள் அதிகாலையிலேயே மோட்டார் போடுகிறவர்கள். சென்சார் அனுப்புவது மிக மெல்லிய மின்சாரம். மோட்டார் ஒயரின் இரைச்சல் அதில் புகுந்தால் பெட்டிக்கு எது பனி, எது மோட்டார் என்று எப்படித் தெரியும்?

குன்னூருக்குப் போய் ஷீல்டு கேபிள் கேட்டேன். "ஊட்டுல ரேடியோ ஸ்டேஷன் வெக்கறீங்களா?" என்றார் கடைக்காரர். உள்ளே இரண்டு கம்பிகள் சடைபோல முறுக்கியிருக்கும். மேலே மெல்லிய உலோகப் பின்னல் — இரைச்சலைத் தடுக்கும் சட்டை. அந்தப் பின்னலைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் இணைத்தோம். கேபிளைக் கம்பத்தில் கட்டாமல், குழாய்க்குள் விட்டு, எதிர் வரப்போரம் புதைத்தோம். மோட்டாரைப் போட்டோம். பெட்டி வாய் திறக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் ஒரே அமைதி. பிறகு ஒரு விடியலில் அலறியது. நான் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் மரகதம் மோட்டாரைப் போட்டுவிட்டாள். வெளியே போனால், செடியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளை! தண்ணீர் சுழன்று பனியைக் கழுவியது. வெயில் ஏறியது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி தானாக அடங்கியது. ஓர் இலைகூடக் கருகவில்லை.

யமுனா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். மரகதம்தான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க... நாளைக்குப் பனி விழுந்து, இது கத்தாமப் போச்சுன்னா?"

அந்தக் கவலைக்குக் கேபிள் எந்தக் கடையில் கிடைக்கும்?